பாசியைப் பட்டினி போட்டேன்... செடிதான் செத்தது!

“மாமா, நீங்க சொன்னதைத்தானே செஞ்சேன்?”

கும்மிடிப்பூண்டியிலிருந்து என் தங்கை மகள் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் இவ்வளவுதான். கூடவே 20 விநாடி வீடியோ. மீன் தொட்டியின் கண்ணாடி முழுக்க, கீரையைக் கடைந்து பூசிவிட்ட மாதிரி பச்சை. அதன் நடுவே விரலால் துடைத்த ஒரு சின்ன வட்டம். அந்த வட்டத்துக்குள் தெரிந்த கப்பி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. இரண்டு கப்பி ஏற்கெனவே செத்துவிட்டதாம். துளசி மாடத்துக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டாளாம்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு யோசனை சொல்கிறவன் நான். அந்த மெசேஜைக் கேட்டுவிட்டு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஏனென்றால், அவள் சொன்னது உண்மை. எல்லாம் என் யோசனைதான்.

மாப்பிள்ளைக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு உருட்டாலையில் வேலை. மூன்று ஷிப்ட். ஒரு வாரம் காலை 6 மணி, ஒரு வாரம் மதியம் 2 மணி, ஒரு வாரம் ராத்திரி 10 மணி. பிள்ளை பள்ளிக்கூடம் போகும்போது அப்பா தூக்கத்தில், அவள் தூங்கும்போது அவர் வேலையில். இருவரும் சேர்ந்து உட்கார ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று அவள் பிறந்த நாளைக்கு அந்தத் தொட்டியை வாங்கினார்கள். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். மீனும் செடியும் கொளத்தூரில் வாங்கியது. வண்ணமீன் வளர்க்கிற யாருக்கும் கொளத்தூரைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொட்டியில் ஹைட்ரில்லா, வாலிஸ்னேரியா, கொஞ்சம் நீர்ப்பிரமி. நம் வயல் வரப்பில் தானாக முளைக்குமே, அதே நீர்ப்பிரமிதான். மீன்கடையில் ‘பக்கோபா’ என்று பெயர் மாற்றிக் கட்டு கட்டாக விற்பார்கள்.

இரண்டு மாதம் நன்றாக இருந்தது. அப்புறம் கண்ணாடியில் லேசாகப் பாசி. “என்ன மாமா பண்றது?” என்று கேட்டாள். ரயிலில் போய்க்கொண்டிருந்தவன், பெரிய நிபுணன் மாதிரி போனிலேயே சொன்னேன்: “பாசிக்குச் சாப்பாடு கிடைக்கிறதாலதான் வளருது. தீனியைக் குறை. போர் தண்ணியை விட்டுட்டு கேன் தண்ணியை ஊத்து. உரம் கிரம் எதுவும் போடாதே. பட்டினி கிடந்தா தானா போயிடும்.”

சொன்னபடியே மூன்று வாரம் செய்தாள். பிள்ளைகள் நாம் சொல்வதைக் கேட்பதில்லை என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமை ரயில்

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலைப் பிடித்தேன். 1985-ல் எரிந்துபோன பழைய மூர் மார்க்கெட் இருந்த இடம். என் முதல் ஜோடி கப்பியை அங்கேதான் பாலித்தீன் பையில் வாங்கிப்போனேன். அப்போதெல்லாம் தொட்டியில் செடி வைத்தால் அது பிளாஸ்டிக் செடி. பாசி வந்தால் தொட்டியைக் கவிழ்த்து, தேங்காய் நாரால் தேய்த்து, வெயிலில் காயவைத்துவிடுவோம். உயிருள்ள செடி வைக்க ஆரம்பித்த பிறகுதான் கணக்கே மாறியது. அது என் மண்டையில் முழுதாக ஏறவில்லை என்பது, மீஞ்சூர், பொன்னேரி, கவரைப்பேட்டை எல்லாம் தாண்டி அந்த வீட்டுக்குள் நுழைந்தபோதுதான் தெரிந்தது.

முதலில் வாடை. மழைக்கால மண்ணும் சாக்கடையும் கலந்த மாதிரி. மணல் மேல் நீலமும் பச்சையுமாக ஒரு வழவழப்பான போர்வை. விரலால் தொட்டால் துணி மாதிரி உரிந்து வருகிறது. ஹைட்ரில்லா அடித்தண்டு அழுகி, நுனி மட்டும் வெளுத்து மிதக்கிறது. வாலிஸ்னேரியா இலைகளில் பொத்தல் பொத்தலாக ஓட்டை.

“அண்ணா, இதைத் தூக்கி யார்கிட்டயாவது குடுத்துடலாம். ஒரே நாத்தம்” என்றாள் தங்கை. மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொண்டுபோன டெஸ்ட் கிட்டை எடுத்தேன். குழாயில் தொட்டித் தண்ணீரை ஊற்றி, சொட்டு மருந்தை விட்டு, நிறத்தைப் பார்க்கிற சாதாரண கிட். நைட்ரேட் என்கிற தழைச்சத்துக்கான குழாயில் நிறமே மாறவில்லை. பூஜ்யம். அம்மோனியா குழாய் மட்டும் லேசாகப் பச்சை காட்டியது. மீனை மூச்சு முட்டவைத்தது அதுதான். அழுகிற இலையிலிருந்து வந்த அம்மோனியா.

அதாவது, என் பேச்சைக் கேட்டு அவள் தொட்டியை நிஜமாகவே பட்டினி போட்டிருக்கிறாள். பாசி சாகவில்லை. செடி செத்துக்கொண்டிருந்தது.

இட்லி மாவுக் கணக்கு

ஏன் அப்படி? அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

வீட்டில் அரிசி ஒரு மூட்டை இருக்கிறது, உளுந்து ஒரு கைப்பிடிதான் இருக்கிறது என்றால் எத்தனை இட்லி வரும்? உளுந்து எவ்வளவோ அவ்வளவுதான். மிச்ச அரிசி சும்மா கிடக்கும். செடியும் அப்படித்தான். வெளிச்சம், கரிவாயு, தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, இரும்பு என்று பல பொருள் வேண்டும். எது குறைவோ அதுதான் வளர்ச்சியைத் தீர்மானிக்கும். 19-ம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லீபிக் என்ற வேதியியலாளர் பிரபலப்படுத்திய விதி இது. நம் விவசாயிகள் உரம் போடுவதும் இதே கணக்கில்தான்.

பாசிக்கும் இதே விதிதானே என்று கேட்பீர்கள். விதி அதேதான், ஆனால் வயிறு சின்னது. டெஸ்ட் கிட்டில் பூஜ்யம் என்று காட்டுகிற தண்ணீரிலும் பாசிக்குப் போதுமான சத்து இருக்கும். நீலப்பச்சைப் பாசி இன்னும் கெட்டிக்காரன். அதில் சில வகைகள் காற்றில் இருக்கிற நைட்ரஜனையே பிடித்துத் தின்னும். நெல் வயலில் உயிர் உரமாகப் போடுகிறோமே, அதே குடும்பம். அசோலாவுக்குள் குடியிருப்பதும் அதுதான். தழைச்சத்தை நிறுத்தி இதைப் பட்டினி போடுவது, ஒட்டகத்துக்கு ஒரு வேளை தண்ணீர் கொடுக்காமல் பயமுறுத்துகிற மாதிரி.

செடி பட்டினியில் இலையை உதிர்க்கும். உதிர்ந்தது அழுகும். அம்மோனியா வரும். அதோடு வெளிச்சமும் சேர்ந்தால் பாசிக்குக் கல்யாண விருந்து. கேன் தண்ணீர் இன்னொரு வேலையும் செய்திருந்தது. ஆர்.ஓ. இயந்திரம் கால்சியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் பெரும்பாலும் வடிகட்டிவிடும். கப்பி கொஞ்சம் கடினமான தண்ணீரில்தான் தெம்பாக இருக்கும். அதையும் பிடுங்கிவிட்டேன்.

என் அறியாமைக்கு ஒரு பரம்பரை உண்டு என்பது மட்டும் ஆறுதல். 1973-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் டேவிட் ஷிண்ட்லர் என்ற விஞ்ஞானியின் குழு, ஓர் ஏரியை நடுவில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் போட்டார்கள். மறு பாதியில் அவற்றோடு பாஸ்பரஸும் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சைப் பசேலென்று ஆனது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் உலகம் முழுக்கப் பிரபலம். சோப்புத்தூளில் பாஸ்பேட் கூடாது என்று பல நாடுகள் சட்டம் போட அந்த ஆராய்ச்சி பெரிய காரணம்.

1990-களில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இரண்டு மீன்தொட்டி ஆர்வலர்கள் அந்தத் திசையிலேயே யோசித்தார்கள். ஆனால் என்னைப் போல முட்டாள்தனமாக இல்லை. ‘பாஸ்பேட்டை மட்டும் குறைவாக வைத்து, மற்ற எல்லாச் சத்தையும் செடிக்குச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள், இருக்கிற பாஸ்பேட்டைச் செடியே உறிஞ்சிவிடும், பாசிக்கு மிஞ்சாது’ என்றார்கள். அந்த உரக்கரைசலுக்கு ‘ஏழைகளின் சொட்டு மருந்து’ என்ற அர்த்தத்தில் பெயரும் வைத்தார்கள். அதன் பிறகு அமெரிக்காவின் டாம் பார், ‘பாஸ்பேட்டையும் சேர்த்தே போடுகிறேன், செடி ஆரோக்கியமாக இருக்கும்வரை பாசி வரவில்லை’ என்றார். எதுவும் குறையாத அளவுக்கு உரம் போட்டு, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றி, மிஞ்சியதை வெளியேற்றுவது அவருடைய முறை. அவரவர் கட்சிக்காரர்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் இப்போது பார் கட்சி, கொஞ்சம் கஞ்சத்தனத்தோடு.

அப்படியானால் ஷிண்ட்லர் சொன்னது தப்பா? இல்லை. அந்த ஏரியில் நடந்ததற்கும், செடி நெருக்கமாக நட்ட 2 அடித் தொட்டியில் நடப்பதற்கும் வித்தியாசம் உண்டு. தொட்டியில் போட்ட உரத்தை உடனே வாங்கிக்கொள்ளச் செடி காத்திருக்கிறது. ஏரியின் நடுத்தண்ணீரில் காத்திருந்தது மிதக்கும் பாசிதான். ஏரிக்குச் சரியான யோசனையை நான் தொட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

“எத்தனை ஏக்கர் சார்?”

மறுநாள் காலை மருமகளையும் கூட்டிக்கொண்டு உரக்கடைக்குப் போனேன். சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் போடுகிற, தண்ணீரில் முழுதாகக் கரையும் உரம் கேட்டேன்.

“எத்தனை ஏக்கர் சார்?”

“ரெண்டு அடிக்கு ஒரு அடி” என்றாள் மருமகள். கடைக்காரர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆனது.

வாங்கியது இரண்டே பொட்டலம். ஒன்று 13:0:45. அதாவது பொட்டாசியம் நைட்ரேட். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் இதில் வந்துவிடும். இன்னொன்று 0:52:34. மோனோ பொட்டாசியம் பாஸ்பேட். இது மணிச்சத்துக்கு. ஒரு கிலோ பாக்கெட் இரண்டும் இப்படிப்பட்ட தொட்டிக்கு வருடக்கணக்கில் வரும். மிச்சத்தை மாடித்தோட்டத்துத் தக்காளிக்குப் போடலாம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று படியுங்கள். கடையில் ‘எல்லாச் சத்தும் இருக்கு’ என்று 19:19:19 எடுத்துக் கொடுப்பார்கள். வேண்டாம். அதில் யூரியாவும் அம்மோனியமும் இருக்கும். 12:61:0 என்பதும் அம்மோனியம் பாஸ்பேட்தான். டி.ஏ.பி., வெறும் யூரியா பற்றிச் சொல்லவே வேண்டாம். வயலுக்கு அவை நல்ல உரம். தொட்டியில் அவை அம்மோனியாவாகி மீனைக் கொல்லும், பாசியை வளர்க்கும். நைட்ரேட் வடிவத்தில் இருக்கிற தழைச்சத்து மட்டும்தான் நமக்கு வேண்டும்.

இனி அளவு. தொட்டி 2 கன அடி என்றால் 56 லிட்டர். மணல், கல் போக 50 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை லிட்டர் தண்ணீரில் 13:0:45 உரம் 27 கிராம், 0:52:34 உரம் இரண்டரை கிராம் கரைத்து ஒரு பாட்டிலில் வைத்தோம். நகை எடை போடுகிற மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் நல்லது. ஸ்பூன் கணக்கு இதற்கு ஆகாது. இந்தக் கரைசலில் 5 மில்லி ஊற்றினால் 50 லிட்டர் தண்ணீரில் நைட்ரேட் சுமார் 3.3 பி.பி.எம்., பாஸ்பேட் 0.35 பி.பி.எம். ஏறும். இருமல் மருந்து மூடியிலேயே அளக்கலாம். பாட்டிலில் பெரிதாக ‘குடிக்கக் கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள். தூளை அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள்.

கரிவாயு சிலிண்டர் வைத்து, பளீர் வெளிச்சத்தில், செடி நெருக்கமாக வளர்ப்பவர்கள் வாரம் மூன்று முறை ஊற்றுவார்கள். எங்களுடையது சிலிண்டர் இல்லாத ஏழைத்தொட்டி. நைட்ரேட் பூஜ்யமாகக் கிடந்ததால் முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை. பிறகு வாரம் ஒருமுறை. இரும்பு முதலான நுண்சத்துக்கு மட்டும் உரக்கடை வேண்டாம். வயலுக்கான கலவையில் செம்பு அதிகம் இருக்கலாம், இறாலும் நத்தையும் தாங்காது. மீன்கடையில் விற்கிற நுண்சத்து பாட்டிலை வாங்கி, வேறு ஒரு நாளில் போடுங்கள். இரும்பையும் பாஸ்பேட்டையும் ஒரே பாட்டிலில் கலந்தால் இரண்டும் கட்டிக்கொண்டு அடியில் படிந்துவிடும்.

உங்கள் வீட்டுத் தண்ணீரை முதலில் சோதித்துவிட்டுத்தான் இதில் இறங்க வேண்டும். நெல் வயலுக்கு நடுவில் இருக்கிற போர்வெல்லில் நைட்ரேட் ஏற்கெனவே இருக்கலாம். அப்படியானால் தழைச்சத்துக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. மீஞ்சூர் பக்கம் என்றால் வேறு பிரச்னை, பல இடங்களில் நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருக்கிறது. உப்புத் தண்ணீரில் இந்தச் செடிகள் முக்கும். மாப்பிள்ளை வீட்டு போர் தண்ணீர் கொஞ்சம் கடினம். பாதி போர், பாதி கேன் என்று கலந்தோம்.

அன்றைய மிச்ச வேலைகள் எல்லாம் கைவேலை. காலாவதியான ஏ.டி.எம். கார்டால் கண்ணாடியைச் சுரண்டினோம். நீலப்பச்சைப் போர்வையைச் சின்ன டியூப் போட்டு உறிஞ்சினோம். அழுகிய இலையை எல்லாம் கிள்ளி எறிந்தோம். பாதித் தண்ணீரை மாற்றினோம். புதிதாக இரண்டு கட்டு ஹைட்ரில்லா. ‘பாசி மருந்து’ என்று கடையில் கிடைப்பதை ஊற்றலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். பலவற்றில் செம்பு இருக்கும். தவிர, செத்த பாசி அழுகி மறுபடி அம்மோனியாதான். வேண்டாம் என்றேன். கிள்ளிய செடியை ஏரியில் கொட்டவும் விடவில்லை. அழகுக்கென்று வந்த ஆகாயத்தாமரை நம் ஏரிகளை என்ன செய்தது என்று தெரியுமே. அது பூந்தொட்டிக்கு எருவாகப் போனது.

லைட் யாருக்காக எரியுது?

எல்லாம் முடிந்து டீ குடிக்கும்போதுதான் கேட்டேன். “லைட் எத்தனை மணிக்குப் போடுவீங்க?”

“காலைல கோலம் போட எழுந்ததும் போட்டுடுவேன். ராத்திரி படுக்கும்போது அணைப்பேன்” என்றாள் தங்கை. ஆறு மணி முதல் பத்தரை மணி வரை. 16 மணி நேரத்துக்கு மேல்!

பாதிக் குற்றவாளி அங்கேயே இருந்தான். சிலிண்டர் இல்லாத தொட்டிக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். வெளிச்சம்தான் கார் ஆக்சிலேட்டர். அதை அழுத்த அழுத்த உரமும் கரிவாயுவும் கூடுதலாக வேண்டும். சத்து தீர்ந்த பிறகும் எரிகிற விளக்கு பாசிக்காகத்தான் எரிகிறது.

“ஏழு மணி நேரம் போதும். மதியம் மூணுல இருந்து பத்து வரைக்கும் வெச்சுக்கலாம்” என்றேன்.

மருமகள் முகம் சுருங்கியது. மாப்பிள்ளைதான் மெதுவாகச் சொன்னார். “மச்சான், நைட் ஷிப்ட் வாரத்துல நான் ஆறரைக்கு வருவேன். அவ எட்டரைக்குக் கிளம்பிடுவா. அந்த ரெண்டு மணி நேரம்தான் நாங்க அதுகிட்ட உக்காருவோம்.”

விளக்கு அத்தனை நேரம் எரிந்ததற்குக் காரணம் சோம்பேறித்தனம் இல்லை. யார் எப்போது வீட்டுக்கு வந்தாலும் தொட்டி வெளிச்சமாக இருக்க வேண்டும் என்று அந்த வீடு முடிவு செய்திருந்தது. இதைக் கேட்காமலேயே போனில் வைத்தியம் சொல்லியிருக்கிறேன்.

சுற்றிலும் சின்னச் சின்ன முள் வைத்த டைமர் பிளக் ஒன்று வாங்கினோம். நைட் ஷிப்ட் வாரத்தில் காலை 6:30 முதல் 8:30, மாலை 5 முதல் 10. காலை ஷிப்ட் என்றால் மதியம் 3 முதல் 10. மதிய ஷிப்ட் என்றால் காலையில் அதே இரண்டு மணி நேரம், மாலை 6 முதல் 11. வாரா வாரம் நேரம் மாறுவது செடிக்குப் பெரிதாகப் பிடிக்காது. ஆனால் மொத்தம் 7 மணி நேரம் என்பது மாறவில்லை. அதுதான் முக்கியம்.

முதல் வாரம் நீலப்பச்சைப் போர்வை ஓர் ஓரத்தில் மறுபடி எட்டிப் பார்த்தது. உறிஞ்சி எடுத்தாள். மூன்றாவது வாரம் ஹைட்ரில்லா நுனியில் நல்ல பச்சை. ஐந்தாவது வாரம் ஒரு மாலை வீடியோ வந்தது. இலைகளிலிருந்து ஊசிமுனை அளவு குமிழ்கள், நூல் பிடித்த மாதிரி மேலே போகின்றன. பீக்கரில் புனலைக் கவிழ்த்து ஹைட்ரில்லா சோதனை செய்வோமே, அதே ஆக்சிஜன் குமிழ்கள். “புக்ல படம்தான் பாத்தேன் மாமா, இப்ப நிஜமா வருது!” என்று பின்னாலிருந்து கத்துகிறாள். கேமராவைப் பிடித்திருந்தது மாப்பிள்ளை என்று கை நடுக்கத்திலேயே தெரிந்தது.

பில்டர் குழாயின் வாயில் கறுப்புத் தாடி மாதிரி ஒரு பாசி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதைக் கழற்றித் தேய்ப்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. கண்ணாடியில் புள்ளிப் பாசி 10 நாளைக்கு ஒருமுறை வருகிறது. ஏ.டி.எம். கார்டு இருக்கிறது.

பிரிட்ஜ் கதவில் அப்பாவின் ஷிப்ட் அட்டவணை ஒட்டியிருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே டைமர் நேரமும் உரம் போட்ட தேதியும் அவள் கையெழுத்தில். நேற்று வந்த வாய்ஸ் மெசேஜ்: “மாமா, நாளையிலேர்ந்து அப்பாவுக்கு நைட். டைமரை மாத்திட்டேன். அஞ்சு மில்லி ஊத்தியாச்சு. குட்டி கப்பி பதினொண்ணு. எண்ணும்போதே ஓடுது, பன்னெண்டாகூட இருக்கும்.”